கட்டளை வரியும் விழிப்புலனற்றோரும்: ஊவாத் தோட்டப்புறத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

1. நோக்கமும் எல்லையும்

கணினி கண்ணுக்குரிய கருவி என்பது இன்று பரவலாக நிலவும் எண்ணமாகும். ஒளிரும் திரை, அதன்மேல் ஓடும் சுட்டி, வண்ணப் படங்கள் ஆகியனவே கணினியின் இயல்பு என்று கருதப்படுகின்றன. இக்கருத்திலிருந்து, விழிப்புலனற்றவருக்குக் கணினியில் இடமில்லை, இருப்பினும் அது பிறர் இரக்கத்தால் ஒதுக்கிய இடமே என்னும் முடிவு எளிதிற் பிறக்கிறது. வரலாறு இம்முடிவை ஆதரிக்கவில்லை. மனிதன் கணினியோடு நேருக்கு நேர் உரையாடத் தொடங்கியபோது அவ்வுரையாடல் எழுத்தினாலேயே நிகழ்ந்தது. விசைப்பலகையிலே ஒரு வரியைத் தட்டினால் இயந்திரம் சில வரிகளால் மறுமொழி தந்தது. கட்டளை வரி எனப்படும் இம்முறையில், திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றும் திரைவாசிப்பான் ஒன்று துணையிருக்குமாயின், பார்வையுடையவரும் அற்றவரும் பெருமளவு ஒரே தளத்தில் நின்று வேலை செய்ய இயலும். இச்சமநிலை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு குலைந்தது, எவராற் காக்கப்பட்டது, தமிழ் வழியில் அதனைப் பெறுவதற்குத் தடையாக நிற்பவை எவை என்பவற்றை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

இவ்வாராய்வை ஊவா மாகாணத்தின், சிறப்பாகப் பதுளை மாவட்டத்தின், தோட்டத் தொழிலாளரை மனத்திற்கொண்டு நடத்துகிறோம். எழுத்து ஒருவர் கையிலும் அதன் விளைவு மற்றொருவர் தலையிலும் இருந்துவந்த ஒரு சமூகத்தில், தனக்குரிய எழுத்தைத் தானே படித்தறியும் ஆற்றல் வெறும் வசதியன்று. அஃது உரிமைப் பிரச்சினையாகும்.

2. ஊவாவில் எழுத்தும் கட்டளையும்

1869ஆம் ஆண்டில் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்க, அவ்விடத்தைத் தேயிலை கைப்பற்றியது. அப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, ஹாலி-எல, பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை எனப் பரந்துகிடக்கும் மலைச்சரிவுகளில் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் குடியமர்த்தப்பட்டனர். 1924ஆம் ஆண்டில் இருப்புப்பாதை பதுளையை எட்டியது. அப்பாதை இறக்கிச் சென்ற தேயிலைப் பெட்டிகளின் கணக்கெல்லாம் எழுத்தில் இருந்தது. பெட்டிகளை நிரப்பியோருட் பெரும்பாலார் அவ்வெழுத்தை அறியாதோராவர்.

தோட்டத்து ஆட்சி குரலும் ஏடும் இணைந்த ஆட்சியாகும். விடியற்காலையிற் பிரட்டுக்களத்திலே கட்டளை குரலாகப் பிறந்தது. மாலையில் உழைப்பு செக்ரோலிலே எழுத்தாகப் பதிந்தது. கட்டளையைக் கேட்பது தொழிலாளியின் கடமை. பதிவைப் படிப்பது கணக்கப்பிள்ளையின் அதிகாரம். முழுப்பேர் விழுந்ததா, அரைப்பேர் விழுந்ததா என்பதைச் சம்பள நாளன்றே பலர் அறிந்தனர். தோட்டத்தைவிட்டு வெளியேற விரும்பியவருக்கு அவருடைய கடனைக் குறித்து வழங்கப்பட்ட 'துண்டு' இதற்கு மிகத் தெளிவான சான்றாகும். தன்னாற் படிக்க இயலாத ஒரு காகிதமே ஒருவர் எங்கே போகலாம், எங்கே வேலை பெறலாம் என்பதைத் தீர்மானித்தது. 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பத்திரங்கள் காட்டித் தன் இருப்பை நிறுவவேண்டிய புதிய நிலையொன்றை அதே மக்கள்மீது சுமத்தியது.

கல்வியும் காலந்தாழ்த்தியே வந்தது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. எனினும் தோட்டப் பள்ளிகள் அரசின் பொதுக் கல்வி அமைப்பினுள் உள்வாங்கப்படுவதற்கு 1970களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பார்வையுள்ள பிள்ளைக்கே எழுத்து இத்துணை மெல்ல எட்டியதெனின், பார்வையற்ற பிள்ளையின் நிலை சொல்லாமலே விளங்கும். அப்பிள்ளைக்கு எழுத்து இருமுறை மறுக்கப்பட்டது: தோட்டத்திற் பிறந்ததனால் ஒருமுறை, கண் இல்லாமையால் மற்றொருமுறை.

3. விரலால் அறிந்த தமிழ்

கணினிக்கு முன்னரே பார்வையற்றோர் தமிழைத் தாமே படிக்க வழிசெய்தது பிரெயில் என்னும் தொட்டெழுத்து முறையாகும். தமிழகத்துப் பாளையங்கோட்டையில் 1890ஆம் ஆண்டிலே அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியை நிறுவினார். இலங்கையில் 1912ஆம் ஆண்டில் மேரி சப்மன் என்னும் ஆங்கில மிசனரிப் பெண்மணி செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமெனத் தொடங்கிய பள்ளி பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. வடக்கே கைதடியில் நவீல்ட் பாடசாலை தோன்றியது. பதுளையிலிருந்து கொழும்புக்கு இருப்புப்பாதை வழியே 290 கிலோமீற்றருக்குக் குறையாத தொலைவு. கைதடி இன்னும் அப்பாலுள்ளது. நாட்கூலியில் வாழும் குடும்பமொன்று தன் பிள்ளையை இத்துணைத் தொலைவுக்கு அனுப்பிவைப்பது எத்தகைய தீர்மானம் என்பதைத் தோட்டப்புறத்தை அறிந்தோர் உணர்வர்.

இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவான பாரதி பிரெயில் ஒழுங்கு 1951ஆம் ஆண்டில் உருப்பெற்றது. இதன் ஒரு பண்பு பின்னர் வரும் செய்திக்கு இன்றியமையாததாகலின் ஈண்டுச் சுட்டுதல் வேண்டும். அச்சுத் தமிழில் 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. பிரெயிலிலோ ககரத்தின்பின் ஒகரம் வருகிறது. கண்ணுக்குத் தோன்றும் வடிவத்தை விடுத்து, நாவில் ஒலிக்கும் வரிசையை அது பின்பற்றுகிறது. எழுத்து என்பது வடிவமா, ஒலியொழுங்கா என்ற பழைய வினா, கணினிக் காலத்தில் மீண்டும் எழப்போகிற வினாவாகும்.

4. கட்டளை வரி

கட்டளை வரியின் மூதாதை தொலைத்தட்டச்சுப் பொறியாகும். 1969ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கியபோது, அதனோடு உரையாடப் பயன்பட்டது காகிதச் சுருளில் எழுத்தடிக்கும் அத்தகைய பொறியே. தட்டுவதும் மெதுவாக நிகழ்ந்தது. அச்சாவதும் மெதுவாக நிகழ்ந்தது. ஆகவே கட்டளைகள் மிகச் சுருங்கின: கோப்புகளைப் பட்டியலிட 'எல்எஸ்', படியெடுக்க 'சிபி', வரிகளினிடையே ஒரு சொல்லைத் தேட 'கிரெப்', எண்ணிக்கை அறிய 'டபிள்யூசி'. ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்கு ஊட்டும் 'குழாய்' எனப்படும் முறையும் அங்கே பிறந்தது. காகிதத்தைச் சிக்கனப்படுத்த எழுந்த இச்சுருக்கம், பின்னாளிற் செவியால் வேலை செய்வோருக்குப் பெருந்துணையாயிற்று.

எவ்வாறெனின், கண் ஒரு பக்கத்தை ஒரே நோக்கில் மேலோட்டமாகக் காண வல்லது. செவியோ ஒன்றன்பின் ஒன்றாகவே கேட்கும். ஆகவே செவியால் வேலை செய்பவர் யாவற்றையும் கேட்க முற்படின் நாள் போதாது. தேவையானதை மட்டும் கேட்டுப்பெறும் வழி அவருக்கு வேண்டும். கட்டளை வரி அவ்வழியைத் தருகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு தோட்டத்தின் ஒரு மாதத்துக்குரிய செக்ரோல், நாளொன்றுக்கு ஆளொன்றுக்கு ஒரு வரியாக, எளிய எழுத்துக் கோப்பிலே பதியப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதில் ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். பார்வையற்ற ஒருவர் தம் பெயர் இலக்கத்தை 'கிரெப்' கட்டளையோடு தட்டுகிறார்; அவருக்குரிய வரிகள் மட்டும் பிரிந்து வருகின்றன. அவற்றைக் குழாய் வழியாக மீண்டும் ஒருமுறை 'அரைப்பேர்' என்ற சொல்லுக்காகத் தேடி, அவ்விடையை 'டபிள்யூசி'க்கு ஊட்டுகிறார். திரைவாசிப்பான் ஓர் எண்ணை மட்டும் சொல்கிறது. அந்த எண் தம் நினைவிலுள்ள எண்ணோடு ஒவ்வாதாயின், எந்தெந்த நாள் என்று அடுத்த வரியிற் கேட்கிறார். முன்னர் இட்ட கட்டளையை மேல்நோக்கிய அம்புக்குறி விசை மீட்டுத் தருகிறது. நீண்ட கோப்புப் பெயரின் முதற் சில எழுத்துகளைத் தட்டி 'டாப்' விசையை அழுத்தின் எஞ்சியதை இயந்திரமே நிரப்புகிறது. எஃப், ஜே ஆகிய இரு விசைகளின் மேலுள்ள சிறு புடைப்புகள் விரல்களுக்கு இடம் காட்டுகின்றன. இவ்வளவிலும் கண்ணுக்கு வேலையில்லை. இடையில் நின்று படித்துக்காட்டும் ஆளுக்கும் வேலையில்லை.

பிரட்டுக்களத்தின் வரலாற்றை மனங்கொண்டு நோக்கின் இதன் பொருள் விளங்கும். அங்கே கட்டளை ஒருவருடையது, கீழ்ப்படிதல் மற்றவருடையது. இங்கோ கேட்பவரே கட்டளையிடுகிறார், ஏடு விடை சொல்கிறது.

5. படத்திரை விளைத்த நெருக்கடி

1980களில் டொஸ் இயங்குதளத்தின் எழுத்துத் திரையைப் படிக்கும் திரைவாசிப்பான்கள் பயனுக்கு வந்தன. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜிம் தாச்சர் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். விபத்தொன்றிற் பார்வையிழந்த டெட் ஹென்டர் 1989ஆம் ஆண்டில் 'ஜோஸ்' என்னும் திரைவாசிப்பானை வெளியிட்டார். எழுத்துத் திரையில் ஒவ்வோர் எழுத்தும் நினைவகத்தில் ஒரு குறியீடாக இருந்தமையால், அதனை எடுத்து ஒலியாக்குவது ஓரளவு எளிதாயிற்று. அலுவலகங்களிலும் நிரல் எழுதும் தொழிலிலும் பார்வையற்றோர் இடம்பெறத் தொடங்கினர்.

இந்நிலையில் 1984ஆம் ஆண்டில் வெளிவந்த மக்கின்டொஷ் கணினியும், 1990க்குப் பின் பரவிய விண்டோஸும் படத்திரையைப் பொதுவழக்காக்கின. திரையில் எழுத்து எழுத்தாக இல்லாமற் புள்ளிகளால் வரையப்பட்ட படமாயிற்று. விசையின் இடத்தைச் சுட்டி பிடித்தது. பார்வையுடையோருக்கு எளிமையாக வந்த இம்மாற்றம், அப்பொழுதுதான் வேலை பெற்றிருந்த பார்வையற்றோர் பலருக்கு அவ்வேலையையே அச்சுறுத்தும் மாற்றமாயிற்று. 1990ஆம் ஆண்டளவில் அமெரிக்க ஆய்வாளர் இதனை நெருக்கடி என்றே வெளிப்படையாக எழுதினர். தொழில்நுட்ப வளர்ச்சி யாவருக்கும் ஒரே திசையில் வளர்ச்சியாகாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும். கருவியை வடிவமைத்தோர் எவரை மனத்திற்கொண்டனர் என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது.

இந்நெருக்கடிக்கு இரு வகையான விடைகள் கிடைத்தன. படத்திரையையும் படிக்கவல்ல திரைவாசிப்பான்களை ஆக்குவது ஒன்று. எழுத்து வழியை விடாது அதனை மேலும் வளர்ப்பது மற்றொன்று. இரண்டாம் வழியில் முதன்மையானவர் தி. வி. ராமன். 1965ஆம் ஆண்டில் பிறந்து புனேயில் வளர்ந்த அவர் பதினான்காம் வயதிற் கண்ணழுத்த நோயாற் பார்வையை இழந்தார். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்றபின் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில், கணிதச் சூத்திரங்களைச் செவிக்கேற்ற முறையிற் படிக்கும் ஒழுங்கொன்றை ஆக்கி 1994ஆம் ஆண்டிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1995இல் 'ஈமக்ஸ்பீக்' என்னும் மென்பொருளை வெளியிட்டார். திரையில் உள்ளதை அப்படியே ஒப்புவிப்பது போதாது என்பது அவர் கண்ட உண்மையாகும். நாட்காட்டியைத் திரைவாசிப்பான் ஒப்புவிக்கும்போது எண்களின் வரிசையே கேட்கும். நிரலே தன் பொருளைச் சொல்லுமாயின், இன்ன கிழமை, இன்ன திகதி என்று கேட்கும். தலைப்புக்கு ஒரு குரல், குறிப்புரைக்கு வேறொரு குரல், செயல் முடிந்தமைக்கு ஒரு சிற்றொலி என அவர் செவிக்கென்றே ஓர் ஒழுங்கை அமைத்தார்.

அதே 1995ஆம் ஆண்டில் லினக்ஸ் கட்டளைத் திரையைப் பிரெயில் காட்டியில் விரலுக்குத் தரும் 'பிஆர்எல்டிடிவை' தோன்றியது. கனடாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான கேர்க் ரைசர் தொடக்கிய 'ஸ்பீக்கப்', கணினி விழித்தெழும் நேரத்திலிருந்தே பேசுமாறு லினக்ஸின் கருவினுள் அமைக்கப்பட்டது. 2020இல் அக்கருவின் முதன்மைப் பகுதியில் இடம்பெற்றது. இவற்றுட் பலவும் பார்வையற்றோரே முன்னின்று ஆக்கியவை என்பதும், எவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்கள் என்பதும் மனங்கொள்ளத்தக்கன. முதல் வகை விடையிலும் இதுபோன்ற திருப்பமொன்று நிகழ்ந்தது. வணிகத் திரைவாசிப்பான்களின் விலை பல நூறு டாலராக இருந்த நிலையில், ஆத்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர்களான மைக்கல் கரனும் ஜேம்ஸ் டேயும் 2006ஆம் ஆண்டில் தொடக்கிய 'என்.வி.டி.ஏ.' விண்டோஸிற்கு விலையில்லாத் திரைவாசிப்பானாயிற்று. விண்டோஸின் கட்டளை வரியையும் அது படிக்கும். தோட்டக் குடும்பமொன்றின் வருவாயை நோக்க, விலையில்லாமை என்பது இங்கே பக்கச் செய்தியன்று; வாயில் திறக்குமா மூடுமா என்பதை அதுவே தீர்மானிக்கிறது.

6. தமிழ்க் குரலும் குறியீடும்

கருவி கிடைத்தபின்னும் மொழி எஞ்சி நிற்கிறது. ஜொனதன் டடிங்டன் என்பவரின் 'ஈஸ்பீக்' என்னும் கட்டற்ற குரலாக்கி தமிழையும் ஒலிக்கும், என்.வி.டி.ஏ. அதனைத் தன்னுடன் கொண்டே வருகிறது. இயந்திரத் தன்மை மிக்க குரல்தான். ஆயினும் பழகிய செவி அதனை மிகு வேகத்திற் பின்தொடர வல்லது. அவ்வாறாயின் தமிழ்க் கோப்பு தமிழாகவே ஒலிக்க வேண்டும். பல வேளைகளில் ஒலிப்பதில்லை. காரணம் குரலில் இல்லை, எழுத்துருவில் உள்ளது.

இலங்கையில் நெடுங்காலம் பெருவழக்கிலிருந்த பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் குறியீட்டின்மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திய ஒன்றாகும். அதிலே 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்குத் தமிழாகவே தோன்றும். கணினியின் நினைவகத்திலோ 'ஜே, கே, பி, ஓ' என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே இருக்கும். திரைவாசிப்பான் உள்ளதைத்தான் படிக்கும். ஆகவே பாமினியிலே தட்டிய சுற்றறிக்கை, பாடக்குறிப்பு, வினாத்தாள் யாவும் பார்வையற்ற மாணவருக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகவே ஒலிக்கின்றன. கண்ணுக்கு மட்டும் தமிழாகவும் செவிக்கு யாதுமற்றதாகவும் உள்ள இத்தகைய ஏடுகளை நாம் ஆண்டுக்கணக்கிற் குவித்திருக்கிறோம். இதில் எவருக்கும் தீய நோக்கம் இருந்ததில்லை. ஒரு வாசகர் தொகுதி நினைவுக்கே வரவில்லை என்பதுதான் உண்மை.

1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலிருந்தே தமிழுக்கு இடமளித்த யுனிகோட் இச்சிக்கலைத் தீர்க்கிறது. அதிலே ககரம் ககரமாகவும் ஒகரக்குறி அதன்பின் வருவதாகவும் பதிகின்றன. பாரதி பிரெயில் 1951இல் மேற்கொண்ட அதே ஒழுங்கு இது. லினக்ஸின் வெறுங் கட்டளைத் திரை தமிழ் எழுத்தைச் செவ்வனே வரைய வல்லதன்று. எனினும் குறியீடு சரியாக அமைந்து, திரைவாசிப்பானும் யுனிகோடை ஏற்குமாயின், கண்ணுக்குச் சிதைந்து தோன்றும் சொல்லும் செவிக்குச் செம்மையாக ஒலிக்க இயலும். வடிவத்தை மட்டும் காத்த பாமினியின் நேர் மறுதலை இது.

கட்டளைகள் ஆங்கிலச் சுருக்கங்களாயிற்றே, தோட்டப் பள்ளியிலே தமிழ்வழி பயின்ற பிள்ளை அவற்றை எங்ஙனம் கற்கும் என்ற ஐயம் நியாயமானது. 'கிரெப்' என்பது ஆங்கிலேயருக்கும் அகராதிச் சொல்லன்று. எவரும் அதனைப் புதிதாகவே கற்கின்றனர். நாளும் வேண்டப்படும் கட்டளைகள் சிலவே. உண்மையான தடை, அவற்றை விளக்கும் துணைநூல்கள் ஆங்கிலத்திலேயே இருப்பதாகும். அதனைக் களைவது தமிழ் அறிந்தோர் கையிலுள்ள பணி.

7. குறைகளும் கடமைகளும்

கட்டளை வரியைக் குறையற்றதெனக் காட்டுவது எமது கருத்தன்று. 2021ஆம் ஆண்டில் ஹரிணி சம்பத் முதலியோர் பார்வையற்ற நிரலாளரிடையே நடத்தி வெளியிட்ட ஆய்வு, அதன் இடர்களைத் தெளிவாக எடுத்துரைத்தது. இடைவெளிகளால் ஒழுங்குசெய்த அட்டவணைகள் செவிக்கு நிரல் குலைந்து கேட்கின்றன. நீண்ட கையேடுகளில் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்ல இயலுவதில்லை. வேலையின் முன்னேற்றத்தைக் காட்ட ஓடும் குறிகள் பொருளற்ற இரைச்சலாகின்றன. எழுத்து மட்டுமே உள்ள இடத்திலும், எழுதியவர் கண்ணையே நினைத்து எழுதின் செவி புறக்கணிக்கப்படுகிறது என்பதே இவ்வாய்வினின்று நாம் கொள்ளும் பாடமாகும்.

இலங்கையில் வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் வலுவிழந்தோர் உரிமைச் சமவாயத்தை நாடு 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பதுளையிலேயே 2005ஆம் ஆண்டில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் மலையகத் தமிழர். சட்டமும் நிறுவனமும் அருகில் உள்ளன. இடையிலுள்ள வெளியை நிரப்பும் பணிகளோ பெருஞ்செலவு வேண்டாதவை. எழுத்து வழி வேலைக்குப் பிறர் கைவிட்ட பழைய கணினியே போதும். பாடக்குறிப்பையும் படிவத்தையும் யுனிகோடிலே தருதல், பழைய பாமினிக் கோப்புகளை மாற்றித் தருதல், கட்டளை வரியைச் செவிவழிக் கற்பிக்கும் தமிழ்க் கையேடு ஒன்றை ஆக்குதல், ஆசிரியர் சிலரைப் பயிற்றுதல் ஆகியன பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் ஆற்றலுக்கு உட்பட்டவை. எமது சங்க ஏடுகளும் இக்கடமையினின்று விலக்குடையன அல்ல. அவை எந்தக் குறியீட்டில் ஏறுகின்றன என்று நாமே முதலிற் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

8. முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றைத் தொகுத்துரைப்பின், கணினி தன் தொடக்கத்திற் பார்வையற்றோரை விலக்கிய கருவியன்று. படத்திரை அவர்களை விலக்கியது. பார்வையற்றோரே தம் உழைப்பால் எழுத்து வழியைக் காத்து வளர்த்தனர். தமிழில் அவ்வழியை அடைத்தது இயந்திரமன்று. கண்ணுக்கு மட்டும் எழுதிய நம் வழக்கமே. ஊவாத் தோட்டங்களில் முன்னொருநாள் துண்டுக் காகிதத்தை ஏந்தி நின்ற தொழிலாளி, அதில் எழுதியிருப்பது என்னவென்று இன்னொருவரைக் கேட்கவேண்டியிருந்தது. அவருடைய வழித்தோன்றலுள் ஒருவர், கண் இல்லாத காரணத்தினால், இன்றும் ஒரு படிவத்தை ஏந்திப் பிறர் வாயை எதிர்நோக்கி நிற்கலாகாது. விசைப்பலகையும் ஒரு தமிழ்க் குரலும் அவருக்குப் போதும். அக்குரலுக்குப் படிக்கத்தக்க தமிழை எழுதிவைப்பது நமது பொறுப்பாகும்.